வைகாசியில் வரும் காய்ச்சல், ஐப்பசியில் வரும் காய்ச்சல்

2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு சித்திரைகளில் கள்ளழகர் மலையை விட்டு இறங்கவில்லை. அழகர்கோவிலிலிருந்து கிளம்பி அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று இருபது கிலோமீட்டருக்கும் மேல் வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வைகைக்கு வருகிறவர், கோயில் மதில்களுக்குள்ளேயே இருந்துவிட்டார். 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பட்டர்கள் சிலரை மட்டும் வைத்து நடந்தது. மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து செல்போனிலும் டிவியிலும் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். 2021-இல் அழகர் ஆற்றில் இறங்கும் வைபவமும் அழகர்கோவில் வளாகத்துக்குள்ளேயே முடிந்தது.

அதைச் செய்தது கொரோனா வைரஸ். ஃப்ளூ இல்லை. ஆனால் தொற்றுநோய் வல்லுநர்கள் அடுத்த பெருந்தொற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பட்டியலின் தலையில் வைப்பது ஃப்ளூவைத்தான். கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் 1918, 1957, 1968, 2009 என்று நான்கு முறை அது உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறது. அந்த நான்கில் மூன்று, இந்திய மண்ணை முதலில் தொட்டது சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு வரும் நாட்களில், வைகாசியில்.

இந்தத் தகவல் மதுரைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் ஃப்ளூ என்றால் யாரும் மிரள்வதில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் இருமுவார், மிளகு ரசமும் பாராசிட்டமாலுமாக நான்கு நாள் படுத்து எழுவார். அந்த ஃப்ளூவும் லட்சக்கணக்கில் ஆளைக் கொன்ற ஃப்ளூவும் ஒரே கிருமிக் குடும்பம் என்றால் நம்புவது கஷ்டமாக இருக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

தெரிந்த முகம், தெரியாத முகம்

ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ்களில் மனிதர்களை அதிகம் படுத்துபவை ஏ, பி என்ற இரண்டு வகைகள். பெருந்தொற்றாகக் கிளம்பும் சக்தி ஏ வகைக்கு மட்டுமே உண்டு. அதன் மேற்புறத்தில் இரண்டு விதமான புரதங்கள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ஹீமக்ளூட்டினின், இன்னொன்று நியூராமினிடேஸ். முதலாவது, நம் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்லைப் பற்றி உள்ளே நுழைய உதவுகிறது. இரண்டாவது, உள்ளே பெருகிய வைரஸ்கள் வெளியேற வழி செய்கிறது. எச்1என்1, எச்3என்2 என்று செய்தியில் படிக்கிறோமே, அந்த எச்சும் என்னும் இவற்றின் வகை எண்கள்தான்.

இந்த வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது ஓயாமல் பிழை செய்கிறது. அதனால் ஆண்டுதோறும் முள்புரதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகின்றன. ஊர்க்காவலுக்கு நிற்கும் ஆளுக்குப் பழகிய ஒருவன், மீசையை மழித்துக்கொண்டு இருட்டில் வந்தால் எப்படி? முதலில் கொஞ்சம் தடுமாறினாலும் நடையையும் குரலையும் வைத்துப் பிடித்துவிடுவார். பருவகால ஃப்ளூ அப்படிப்பட்டது. நம் உடம்புக்கு முன்பே ஓரளவு பழக்கமானது. முழுமையாகத் தடுக்க முடியாவிட்டாலும், பெரும்பாலானவர்களின் உடம்பு அரைகுறை ஞாபகத்தை வைத்துக்கொண்டு சமாளித்துவிடும்.

பெருந்தொற்று ஃப்ளூ வேறு மாதிரி பிறக்கிறது. இன்ஃப்ளூயன்ஸா ஏ வைரஸின் மரபுப்பொருள் ஒரே இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே பன்றிக்கோ, பறவைக்கோ, மனிதருக்கோ இரண்டு விதமான ஃப்ளூ ஒரே சமயத்தில் தொற்றினால், இரண்டின் துண்டுகளும் கலந்து முற்றிலும் புதிய வைரஸ் ஒன்று உருவாகிவிடலாம். அதன் ஹீமக்ளூட்டினின் மனிதர்கள் பார்த்தே இராத ஒன்றாக இருந்து, மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவும் திறமையும் சேர்ந்துவிட்டால், காவலுக்கு யாருமே கிடையாது. பேரனுக்கும் தாத்தாவுக்கும், மதுரைக்காரருக்கும் மெக்ஸிகோக்காரருக்கும் அது ஒரே நேரத்தில் புதிது.

ஆக, பெருந்தொற்று என்ற பெயர் நோயின் கொடூரத்தைக் குறிப்பதில்லை. வைரஸின் புதுமையையும் அது உலகெங்கும் பரவியதையும்தான் குறிக்கிறது. ஒரு பெருந்தொற்று கோடிக்கணக்கில் கொல்லலாம், அல்லது பெரும்பாலோருக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போய்விடலாம். படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளியைப் பார்த்து இவருக்கு வந்தது பருவகால ஃப்ளூவா, பெருந்தொற்று ஃப்ளூவா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. திடீரென்று ஏறும் காய்ச்சல், உடம்பை முறிக்கும் வலி, தலைவலி, வறட்டு இருமல் எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் ஊரைப் பார்த்தால்தான் தெரியும்: எத்தனை பேர் ஒரே வாரத்தில் படுக்கிறார்கள், எந்த வயதுக்காரர்கள் சாகிறார்கள், எந்த மாதத்தில் வருகிறது.

1918: வாலிபர்களைத் தேடிய காய்ச்சல்

முதல் உலகப்போரின் கடைசி ஆண்டு. பம்பாய்த் துறைமுகத்துக்கு அருகே வேலை பார்த்த போலீஸ்காரர்கள் சிலர் 1918 ஜூன் 10 அன்று காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அப்போது வைகாசி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. போர்முனையிலிருந்து திரும்பிய கப்பல்கள் வழியாக நோய் வந்திருக்க வேண்டும் என்று அன்றைய அதிகாரிகளே எழுதிவைத்தார்கள். அந்த முதல் அலை அதிகம் கொல்லாமல் கடந்துபோனது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலையில்தான் வைரஸின் முகம் வேறாக இருந்தது. அக்டோபர் 6 அன்று பம்பாய் நகரத்தில் மட்டும் 768 பேர் இறந்தார்கள்.

இந்தியா முழுவதும் இறந்தவர்கள் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகிலேயே அதிகம் இறந்தது இந்தியர்கள்தான். போரில் செத்த இந்தியச் சிப்பாய்களுக்கு டெல்லியில் இந்தியா கேட் எழுந்தது. காய்ச்சலில் செத்த இந்தக் கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படியொரு சின்னம் எழவில்லை. பாடப்புத்தகத்திலும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஓரிரு வரிகளைத் தாண்டாது. இது நம் ஞாபகத்தின் பெரிய குறை.

சாதாரண ஃப்ளூ பச்சிளம் பிள்ளைகளையும் கிழவர்களையும்தான் கொண்டுபோகும். 1918-இன் ஃப்ளூ 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களைத் தேடித் தேடிக் கொன்றது. உழுகிறவர்கள், நூற்கிறவர்கள், கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்கள். இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். நோயாளிக்குப் பக்கத்திலேயே இருந்து கவனித்தவர்களும், வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர்களும் அவர்கள்தானே. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்திருந்தது. போர் விலைவாசியை ஏற்றிவிட்டிருந்தது. 1918 செப்டம்பரில் சென்னை மாகாணத்தில் அரிசி விலை தாங்காமல் மக்கள் கடைகளைச் சூறையாடிய கலவரங்கள் நடந்தன. வயிறு காய்ந்து கிடந்த உடம்புகளின் மேல்தான் இரண்டாவது அலை வந்து விழுந்தது.

சென்னை மாகாணம் பம்பாய் அளவுக்கு அடிபடவில்லை என்பது உண்மை. வடக்கிலும் மேற்கிலும் கொடூரமாக எரிந்த நோய், கிழக்கும் தெற்கும் நகர நகரச் சற்றே வேகம் குறைந்து, அதிக நாட்களுக்கு இழுத்தது என்று மாவட்ட வாரியான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் மதுரை நகரத்தின் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் அந்தப் பத்தாண்டு ஒரு தழும்பாகத் தெரிகிறது. 1901-இல் சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம். 1911-இல் 1 லட்சத்து 34 ஆயிரம். ரயிலும் பஞ்சாலையும் வந்து வேகமாக வளர்ந்த ஊர் அது. அடுத்த பத்தாண்டில், அதாவது 1921-இல், 1 லட்சத்து 39 ஆயிரம்தான். 1931-இல் மறுபடி 1 லட்சத்து 82 ஆயிரத்துக்குப் பாய்கிறது. நடுவில் ஊர் வளராமல் நின்றதற்கு ஃப்ளூ மட்டுமே காரணமென்று சொல்லிவிட முடியாது. காலராவும் பஞ்சமும் போரும் கூடவே இருந்தன. இந்தியாவின் மொத்த மக்கள்தொகையே குறைந்துபோன ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரையிலானது. அதில் ஃப்ளூவின் பங்குதான் பெரிது.

தமிழர்களின் இன்னொரு கூட்டமும் அதில் சிக்கியது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி வட்டாரங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, கப்பலேறி இலங்கைக்குப் போவது வழக்கம். பாம்பன் பாலம் 1914-இல் திறந்தபிறகு அந்தப் போக்குவரத்து இன்னும் பெருகியிருந்தது. காலராவையும் பிளேக்கையும் மனதில் வைத்து நடத்தப்பட்ட அந்த முகாம் சோதனைகள், ஓரிரு நாளில் ஆளுக்கு ஆள் தாவும் ஃப்ளூவுக்கு முன் பயனற்றவை. இலங்கையில் அந்த இரண்டு அலைகளும் சுமார் 3 லட்சம் பேரைக் கொண்டுபோயிருக்கும் என்று பிற்கால ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. அந்தச் சிறிய தீவுக்கு அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை!

அன்றைய மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு எதிரி யாரென்றே தெரியாது. பாக்டீரியா ஒன்றைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்ஸா வைரஸை லண்டனில் கண்டுபிடித்தது 1933-இல்தான்.

கப்பலில் வந்தது, விமானத்தில் வந்தது

1957 மே மாதம். மறுபடியும் வைகாசி. ரஜூலா போன்ற கப்பல்கள் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தமிழர்களை ஏற்றிக்கொண்டு போய்வந்த காலம். சிங்கப்பூரில் எச்2என்2 என்ற புதிய ஃப்ளூ பரவிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து வந்த பயணிகள் கப்பல் வழியாக அது சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. 1918-இல் இந்தியாவுக்கு வாசல் பம்பாய் என்றால், 1957-இல் வாசல் நம் சென்னை. இந்தமுறை குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இன்ஃப்ளூயன்ஸா ஆய்வு மையம் ஒன்று இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையில் அது இந்தியாவின் கண். வைரஸைப் பிரித்தெடுத்துப் பார்க்கவும், எந்த வாரம் எங்கே பரவுகிறது என்று எழுதவும் முடிந்தது. அடுத்த பிப்ரவரி வரை நாட்டில் பதிவான நோயாளிகள் சுமார் 44 லட்சத்து 50 ஆயிரம். பதிவான இறப்புகள் 1,100-ஐ ஒட்டி. பதிவாகாதவை இதைவிட அதிகமாகவே இருக்கும். என்றாலும் 1918-ஓடு ஒப்பிடவே முடியாது. புதிய வைரஸ்தான், உலகமெங்கும் பரவியதுதான், ஆனால் அத்தனை கொடியதல்ல.

1968-இல் ஹாங்காங்கில் ஜூலை மாதம் கிளம்பிய எச்3என்2 மட்டும் வைகாசி வழக்கத்துக்கு விலக்கு. மழைக்காலத்தை ஒட்டித்தான் இந்தியாவுக்கு வந்தது. அதைப் பற்றி இங்கே சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: அது இன்னும் போகவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

2009 ஏப்ரலில் மெக்ஸிகோவிலும் அமெரிக்காவிலும் பன்றி, பறவை, மனித ஃப்ளூக்களின் துண்டுகள் கலந்த புதிய எச்1என்1 கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு சித்ரா பௌர்ணமி மே 9. லட்சக்கணக்கானவர்கள் வைகைக் கரையில் கூடிக் கலைந்த அடுத்த வாரமே, மே 16 அன்று, இந்தியாவின் முதல் நோயாளி ஹைதராபாத்தில் உறுதியானார். நியூயார்க்கிலிருந்து விமானத்தில் வந்தவர். ஒரு மாதம் முன்னாலேயே அது தென்னிந்தியாவுக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஃப்ளூ தொற்றிய ஒன்று முதல் நான்கு நாட்களில் காய்ச்சல் தெரியும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்றியவரால் மற்றவர்களுக்குப் பரப்ப முடியும். அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் நின்றவர், தான் நோயாளி என்று தெரியாமலே சிவகங்கைக்கும் விருதுநகருக்கும் வேனில் திரும்பியிருப்பார். திறந்த வெளியில், கோடை வெயிலில் வைரஸ் அவ்வளவு எளிதில் தாவாது. நெருக்கியடித்து உட்கார்ந்த வேனிலும், சத்திரத்திலும், கல்யாண மண்டபத்திலும் அது தாவும்.

ஜூன் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்டில் புனேயில் 14 வயதுச் சிறுமியின் இறப்பு நாட்டையே உலுக்கியது. சில நாட்களில் சென்னையிலும் ஒரு குழந்தை இறந்தது. முகக்கவசம் என்ற பொருளைத் தமிழ்நாட்டுத் தெருக்கள் முதன்முதலாகப் பரவலாகப் பார்த்தது அப்போதுதான். கிண்டி கிங் நிலையத்துக்குச் சளி மாதிரிகள் குவிந்தன. பன்றிக் காய்ச்சல் என்ற பெயரால் பன்றி வளர்த்தவர்களின் பிழைப்பு கெட்டது. சமைத்த பன்றிக்கறியால் அது பரவாது என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை.

இந்தப் பெருந்தொற்றிலும் வயதுக்கணக்கு தலைகீழாகத்தான் இருந்தது. முதல் ஆண்டில் உலகமெங்கும் ஒன்றரை லட்சத்திலிருந்து ஐந்தே முக்கால் லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் 65 வயதுக்குக் கீழே இருந்தவர்கள். தாத்தா பாட்டிகள் தப்பித்தது எப்படி? 1918-இன் எச்1என்1 சந்ததி 1957 வரை பருவகால ஃப்ளூவாக உலவிக்கொண்டிருந்தது. அதைச் சிறுவயதில் சந்தித்தவர்களின் உடம்பு, ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்த முகத்தை மறக்கவில்லை.

2009-இன் வைரஸுக்கென்று இந்திய நிறுவனங்கள் தயாரித்த தடுப்பூசிகள் சந்தைக்கு வந்தது 2010 ஜூன், ஜூலையில். அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்ததாக அறிவிப்பும் வந்துவிட்டது. புதிய வைரஸுக்குத் தடுப்பூசி எப்போதும் தாமதமாகத்தான் வரும். முதல் அலையை ஊரடங்கும், விலகி நிற்பதும், காற்றோட்டமும், முகக்கவசமும்தான் எதிர்கொள்ள வேண்டும். அழகரை மலையிலேயே நிறுத்திவைத்த முடிவு வலித்தாலும் சரியானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முடிந்தது என்று நினைத்தபிறகு

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் வருகிறது. 2009-இல் பெருந்தொற்று நடந்துகொண்டிருந்தபோது இந்தியாவில் பரிசோதனையில் உறுதியாகி இறந்தவர்கள் 981 பேர். அடுத்த ஆண்டு 1,763. பெருந்தொற்று முடிந்து, அதே வைரஸ் பருவகால ஃப்ளூ என்ற பெயரில் உலவிய 2015-இல்? உறுதியான நோயாளிகள் 42,592. இறந்தவர்கள் 2,990. 2017-இல் மறுபடி 2,270 பேர். 2015-இன் இறப்புகள் 2009-ஐப்போல மூன்று மடங்கு! பரிசோதனைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பெருந்தொற்று போய்விட்டது, இனி வெறும் ஃப்ளூதான் என்று மூச்சுவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு அடி.

பெருந்தொற்று வைரஸ் எங்கேயும் போவதில்லை. நம்மோடு தங்கிவிடுகிறது. 2023 மார்ச்சில் நாடெங்கும் இருமலும் காய்ச்சலுமாகப் பரவி, தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்தவைத்த, புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடவைத்த எச்3என்2, 1968-இன் ஹாங்காங் வைரஸின் வாரிசு. ஒவ்வொரு மழைக்காலமும் நம் வீட்டுக்கு வரும் எச்1என்1, 2009-இன் வைரஸ். நேற்றைய பெருந்தொற்றுதான் இன்றைய பருவக் காய்ச்சல். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, அது பயங்கரம், இது சாதாரணம் என்று பிரிப்பது அதனாலேயே தவறாகிவிடுகிறது. பருவகால ஃப்ளூவால் ஆண்டுதோறும் உலகில் 2 லட்சத்து 90 ஆயிரத்திலிருந்து 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை மூச்சுக்கோளாறால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அறிவிப்பு இல்லாமல், ஊரடங்கு இல்லாமல், தலைப்புச் செய்தி இல்லாமல் நடக்கும் இறப்புகள் இவை.

மாதக் கணக்கு மட்டும் தெளிவாக வேறுபடுகிறது. காஷ்மீரில் பருவகால ஃப்ளூ உச்சத்துக்குப் போவது தை, மாசிக் குளிரில். டெல்லியிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையோடு. சென்னை, வேலூர் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் எடுத்த மாதிரிகளில் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பரில்தான் உச்சம் தெரிந்தது. நமக்கு அது ஐப்பசி, கார்த்திகை. கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஈரத்தோடு உள்ளே உட்காரும் மாதங்கள். பெருந்தொற்றுக்கு இந்தப் பஞ்சாங்கம் கிடையாது. யாரிடமும் எதிர்ப்புச் சக்தி இல்லாதபோது அதற்கு மழையும் வேண்டாம், குளிரும் வேண்டாம். கத்திரி வெயிலிலும் வரும்.

வாத்து மேயும் வயல்கள்

அடுத்தது எங்கிருந்து வரும்? இன்ஃப்ளூயன்ஸா ஏ வைரஸின் பூர்வீகம் காட்டு நீர்ப்பறவைகள். எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் 1997-இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி, 6 பேரைக் கொன்றது. இந்தியக் கோழிப்பண்ணைகளில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் தெரிந்தது. கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துகளைக் கூட்டம் கூட்டமாக அழிக்க வேண்டிவந்தது. இந்தியாவில் மனித இறப்புகளும் நேர்ந்திருக்கின்றன. 2024 மார்ச் முதல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே அது பரவியிருப்பது விஞ்ஞானிகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இதுவரை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவும் திறமை அதற்கு வரவில்லை. வந்துவிட்டால் அது பெருந்தொற்று.

மதுரைச் சமவெளிக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. பெரியாறு பாசனத்தில் நெல் அறுத்த வயல்களில் வாத்துக்கூட்டங்கள் மேய்கின்றன. அதே கண்மாய்களில் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத கிராமங்கள் இருக்கின்றன. அந்தப் பண்பு மாறவேண்டியதில்லை, பறவைகளைப் பகையாகப் பார்க்கவும் வேண்டாம். கோழியோ வாத்தோ காகமோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாமல், கறிக்கு எடுக்காமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு தகவல் சரியான நேரத்தில் போனால் ஒரு மாவட்டமே தப்பிக்கலாம். நன்றாக வெந்த முட்டையும் கறியும் சாப்பிடுவதால் ஆபத்து இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

ஃப்ளூ வந்த எல்லோருக்கும் பரிசோதனை தேவையில்லை. 2009-இல் வகுத்து இன்றும் பின்பற்றப்படும் முறைப்படி, லேசான காய்ச்சலும் இருமலும் உள்ளவர் வீட்டிலேயே தனித்திருந்து, நிறையத் தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்தால் போதும். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒசெல்டாமிவிர் மாத்திரையைக் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். முன்பு அரசு வழியாகவே கிடைத்த அது, இப்போது டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அசித்ரோமைசினும் அமாக்ஸிசிலினும் வைரஸை ஒன்றும் செய்யாது. கடைக்காரரிடம் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தால், பின்னால் நிமோனியா வரும்போது வேலை செய்ய வேண்டிய மருந்துகள்தான் வீணாகின்றன. நிலவேம்புக் குடிநீரைக் குடிப்பதும் குடிக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில், ஆபத்துப் பிரிவில் உள்ளவர்கள் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஃப்ளூ தடுப்பூசியைத் தமிழ்நாட்டில் பலரும் பணக்காரர்களின் ஆடம்பரமாக நினைக்கிறார்கள். குழந்தைகளுக்கான அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை என்பதும் ஒரு காரணம். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குமாவது அரசு அதை இலவசமாகத் தர வேண்டும். சர்க்கரை நோய் இத்தனை வீடுகளில் இருக்கும் மாநிலத்தில் இது பெரிய கோரிக்கை இல்லை. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி ஊசியின் கலவையைத் திருத்துகிறது. போன வருடம் போட்டது இந்த வருடத்துக்கு ஆகாது. கலவை நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், ஃப்ளூவால் டாக்டரிடம் போகவேண்டிய அபாயம் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பங்கு வரை குறைகிறது. பாதிதானா என்று கேட்கலாம். ஐசியு படுக்கையில் போய் விழாமல் இருப்பதற்கு அந்தப் பாதி பெரிய பாதி.

ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். அதனால் மழை தொடங்கியபிறகு ஓடிப் பயனில்லை. உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ, சர்க்கரைக்காரரோ, எழுபது வயதுப் பெரியவரோ இருந்தால், வரும் புரட்டாசிக்குள் உங்கள் டாக்டரிடம் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் எந்தத் திருவிழாவானாலும் கல்யாணமானாலும் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.